எம்யூஎன்ல நமீபியா அலாட் ஆனவங்களுக்கு

எம்யூஎன்னா மாணவர்கள் நாட்டுப் பிரதிநிதிகளா உக்காந்து நடத்துற மாதிரி ஐநா. அதுல ஐநா செக்யூரிட்டி கவுன்சில் கமிட்டி, ஃப்ரீஸ் டேட் (அதுக்கப்புறம் நடந்தது எதையும் பேசக்கூடாதுங்கிற தேதி) 2000 அக்டோபர் 24, எனக்கு வந்த நாடு நமீபியா. இதே கமிட்டி வேற யாருக்காச்சும் வந்தா உதவட்டும்னு எழுதுறேன்.

சின்ன நாடுன்னு தயவுசெஞ்சு சோர்ந்துடாதீங்க. அப்போ ஜனத்தொகை 20 லட்சம்கூட இல்ல, தீர்மானத்தத் தடுக்குற வீட்டோ அதிகாரமும் கெடையாது, ஆனா அந்த மாசம் கவுன்சில் தலைமை அவங்ககிட்ட இருந்துச்சு, அத வச்சுத்தான் பெண்கள், அமைதி, பாதுகாப்புங்கிற விஷயத்த ஓப்பன் டிபேட்டுக்கே கொண்டு வந்தாங்க. அதுக்கான வேலைய மே மாசமே ஆரம்பிச்சிட்டாங்க, அமைதிப்படைல பெண்கள் பத்தி ஐநா நடத்துன கருத்தரங்கு அவங்க தலைநகர் விண்ட்ஹோக்லதான் நடந்துச்சு, விண்ட்ஹோக் பிரகடனமும் நமீபியா செயல்திட்டமும் அங்க உருவானதுதான். டிபேட்டுக்கு முந்தின நாள் பெண்கள் அமைப்புகளும் கவுன்சில் உறுப்பினர்களும் அரியா ஃபார்முலாங்கிற முறைசாரா கூட்டத்துல உக்காந்து பேசினாங்க.

நாட்டோட நிலைப்பாட்ட எழுதித் தர்ற பொசிஷன் பேப்பர நான் 1989லருந்து ஆரம்பிச்சேன். ஐநாவோட அன்டாக்ங்கிற அமைதிப்படை மிஷன் மேற்பார்வைல தேர்தல் நடந்து, 1990 மார்ச் 21ல சுதந்திரம் வாங்குன நாடு அது. அமைதிப்படை பத்திப் பேச அவங்கள விட உரிமை யாருக்கு இருக்கு?

கமிட்டில பெரிய சண்டையே 50 சதவீதத்துக்குத்தான். முடிவெடுக்குற பதவிகள்ல பாதி பெண்கள்ங்கிற இலக்கு நமீபியா செயல்திட்டத்துலயே இருக்கு, அத எங்க டிராஃப்ட் தீர்மானத்துல ஒரு கிளாஸா போட்டேன், பங்களாதேஷ், ஜமைக்கா டெலிகேட்ஸ் கையெழுத்துப் போட்டாங்க. அன்மாட் (எழுந்து போய் தனித்தனியா பேசிக்கிற நேரம்) முடியுறப்போ ஒரு பி5 டெலிகேட்கிட்டருந்து, அதாவது வீட்டோ உள்ள அஞ்சு நிரந்தர நாடுகள்ல ஒண்ணுகிட்டருந்து, துண்டுச் சீட்டு வந்துச்சு: “நம்பர எடுங்க, இல்லன்னா வீட்டோ.” ரொம்ப நேரம் பேசிப் பாத்தேன், நகரல. கடைசில நம்பர விட்டுக் குடுத்து, மிலிட்டரி அப்சர்வர், போலீஸ், மனித உரிமை வேலைனு களத்துல பெண்கள அதிகமாக்கணும்ங்கிற கிளாஸ உள்ள கொண்டு வந்தோம், டிராஃப்ட் பாஸ் ஆச்சு.

வீட்டுக்கு வந்து அக்டோபர் 31 அன்னைக்கு ஒருமனதா நிறைவேறுன இதே விஷயத்துக்கான கவுன்சிலோட நிஜ 1325 தீர்மானத்த எடுத்து வச்சுப் பாத்தா, அதோட 18 பத்தில ஒண்ணுலகூட சதவீதம் இல்ல. முடிவெடுக்குற இடங்கள்லயும் கள வேலைலயும் பெண்கள அதிகமாக்கணும்னு இருக்கு, எத்தனைன்னு இல்ல. எனக்கு இது இன்னும் ஆறல, எத்தனை பேருன்னு எழுதாத இடத்துல யார்கிட்ட போய் கணக்கு கேக்குறது?

இன்னொரு விஷயம், அப்போ நமீபியாவோட பெண்கள் நலத்துறை அமைச்சரா இருந்த நெடும்போ நந்தி-நதைத்வா 2025 மார்ச்ல அந்த நாட்டோட முதல் பெண் அதிபரானாங்க. ஆனா ஃப்ரீஸ் டேட்டுக்கு அப்புறம் நடந்ததால ஸ்பீச்ல சேக்காதீங்க, கமிட்டிய நடத்துற சேர் அங்கயே நிறுத்திடுவாங்க.