பெலோத்தா: கியூபா தனதாக்கிக்கொண்ட பந்தாட்டம்

கியூபாவில் பேஸ்பாலைப் 'பெலோத்தா' என்றே அழைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பந்து என்று மட்டுமே பொருள். வெறுமனே பந்து என்றாலே இந்த ஆட்டம்தான் என்று சொல்லுமளவுக்கு அது அந்தத் தீவில் வேரூன்றிவிட்டது. அமெரிக்காவில் வளர்ந்த ஓர் ஆட்டம் கியூபர்களின் சொந்த ஆட்டமானதற்கு, அன்று அவர்களை ஆண்ட ஸ்பெயினே முதற்காரணம் என்பது என் எண்ணம்.

1864-இல் அலபாமாவில் படிப்பை முடித்து ஹவானா திரும்பிய நெமெசியோ கியோ என்ற இளைஞர் தம் பெட்டியில் ஒரு மட்டையையும் பந்தையும் கொண்டுவந்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நான்கே ஆண்டுகளில் விடுதலைப் போர் மூண்டது. காளைச் சண்டை ஆள்வோரின் கேளிக்கையாக இருந்த நாட்டில், அதைப் புறக்கணித்து மட்டையைக் கையிலெடுப்பதே தாங்கள் ஸ்பானியர் அல்லர் என்று இளைஞர்கள் அறிவித்துக்கொள்ளும் வழியாயிற்று.

1874 டிசம்பர் 27 அன்று மத்தான்சாஸ் நகரின் பல்மார் தெ ஹுங்கோ மைதானத்தில் ஹவானா அணி உள்ளூர் அணியை 51–9 என்று வீழ்த்தியது. அமெரிக்கத் தொழில்முறை அணியில் ஏற்கெனவே ஆடியிருந்த எஸ்தேபான் பெயான் அன்று ஹவானாவுக்காகக் களமிறங்கினார். 1878-இல் லீக் போட்டிகள் தொடங்கின. அந்த லீக்கை உருவாக்கியவர்களுள் ஒருவரான எமிலியோ சபூரின், விடுதலை இயக்கத்துக்குத் துணைநின்ற குற்றத்துக்காக 1895-இல் கைதுசெய்யப்பட்டு, கடல் கடந்து வட ஆப்பிரிக்காவிலுள்ள சியூட்டா சிறைக்கு அனுப்பப்பட்டு, 1897-இல் அங்கேயே உயிர்நீத்தார். தாம் வளர்த்த ஆட்டம் விடுதலை பெற்ற கியூபாவில் ஆடப்படுவதை அவர் பார்க்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

1900 முதல் கியூப லீக்கில் கறுப்பின வீரர்களும் ஆடினர். அமெரிக்காவின் உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் கதவு அவர்களுக்கு 1947 வரை திறக்கவில்லை. பந்துவீச்சிலும் மட்டை பிடிப்பதிலும் ஒருசேரக் கோலோச்சிய மார்த்தின் திஹிகோ அந்த லீக்கில் ஒரு போட்டியில்கூட ஆட முடியாமலே ஓய்வுபெற்றார். அமெரிக்கப் பேஸ்பாலின் புகழ்மண்டபம் 1977-இல் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

புரட்சிக்குப் பின் 1961-இல் தொழில்முறை விளையாட்டு ஒழிக்கப்பட்டு, மறு ஆண்டு தேசியத் தொடர் தொடங்கியது. 1992, 1996, 2004 ஒலிம்பிக் தங்கங்கள் அந்த அமைப்பு ஈன்றவை. எனினும் மேஜர் லீக்கில் ஆட விரும்பியவர் நாட்டையே துறக்க வேண்டியிருந்தது. 1991-இல் பந்துவீச்சாளர் ரெனே அரோச்சா தொடங்கிவைத்த அந்த வெளியேற்றம் ஆண்டுக்காண்டு பெருகியது.

2023 மார்ச்சில், நாட்டு அணிகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் தொடரின் அரையிறுதிக்காக, கியூபாவைத் துறந்தவர்கள் பலர் வாழும் அமெரிக்க நகரான மயாமிக்குக் கியூப அணி வந்தது. மைதானம் இருந்த பகுதியின் பெயரே லிட்டில் ஹவானா. அமெரிக்கா 14–2 என்று வென்ற அந்த இரவில், கியூபாவைப் பூர்விகமாகக் கொண்டவர்களே ஒருபுறம் அணியை வாழ்த்தியும் மறுபுறம் ஹவானா அரசை எதிர்த்தும் ஒரே ஸ்பானிய மொழியில் குரலெழுப்பினார்கள்.