ஃபெண்டர் டேக் இல்லாத ரோட் ரன்னர்: தொலைந்த தகட்டுக்கு மாற்றுத் தகடு பெற்ற அனுபவம்

2021ஆம் ஆண்டு அக்டோபரில், ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல ஆண்டுகளாக நின்றிருந்த 1970 மாடல் பிளிமத் ரோட் ரன்னர் காரை வாங்கி, டிட்ராய்ட்டுக்கு அருகிலுள்ள என் வீட்டுக்கு டிரெய்லரில் ஏற்றி வந்தேன். பானெட்டைத் திறந்ததும் முதலில் பார்த்தது ஓட்டுநர் பக்க உட்புற ஃபெண்டரை, அதாவது சக்கரத்துக்கு மேலே உள்ள உலோகப் பகுதியைத்தான். அங்கே இரண்டு திருகுத் துளைகள் இருந்தன. அவற்றின் மேல் இருக்க வேண்டிய, ஃபெண்டர் டேக் எனப்படும் சிறிய தகடு இல்லை. மாற்றுத் தகட்டை முறைப்படி பெற்றுப் பொருத்துவதற்குள் ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் கடந்துவிட்டன. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

இந்தக் காரில் அடையாளம் ஒரே இடத்தில் இல்லை. சட்டத்தின் பார்வையில் காரின் அடையாளம் என்பது முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி டாஷ்போர்டின் மேல் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்ட வின் எண் (வாகன அடையாள எண்) தகடுதான். நல்ல வேளையாக அது என் காரில் அசையாமல் இருந்தது. அதில் RM23N0G என்று தொடங்கும் பதின்மூன்று எழுத்துகளும் எண்களும் உள்ளன. முதல் இரண்டு எழுத்துகள் ரோட் ரன்னரையும், 23 என்பது இரண்டு கதவு ஹார்ட்டாப் உடலையும், N என்பது 335 குதிரைத்திறன் கொண்ட 383 கன அங்குல என்ஜினையும், 0 என்பது 1970 மாடலையும், G என்பது செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையையும் குறிக்கும். மீதி ஆறு இலக்கங்கள் வரிசை எண். ஃபெண்டர் டேக் வேறு வகையானது. அது தொழிற்சாலையில் அந்த உடலை எப்படி முடிக்க வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொன்ன தகடு. அதைக் கீழ்வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். அடிவரியில் என்ஜின், கியர்பாக்ஸ் குறியீடுகளும் வின் எண்ணும் இருக்கும். அதற்கு மேல் வரியில் பெயின்ட், இருக்கைத் துணி, திட்டமிட்ட உற்பத்தித் தேதி, ஆர்டர் எண் ஆகியவை இருக்கும். அதற்கு மேலே கூடுதல் வசதிகள் ஒவ்வொன்றாக வரும். இரண்டே திருகுகளில் நிற்பதால், பெயின்ட் அடிக்கும்போது கழற்றி எங்கோ வைத்து மறந்துவிடுவது எளிது. ஆயிரக்கணக்கான கார்களில் அது இப்படித்தான் காணாமல் போயிருக்க வேண்டும்.

ஃபோர்டு கார் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இருக்காது. 1967 முதலான ஃபோர்டு உற்பத்திப் பதிவுகள் மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் என்ற நிறுவனத்திடம் இருக்கின்றன. வின் எண்ணைக் கொடுத்தால் அந்தக் கார் எப்படிக் கட்டப்பட்டது என்று அறிக்கை தருவார்கள். போன்டியாக் கார்களுக்கும் இதேபோன்ற பதிவுச் சேவை உண்டு. பிளிமத் கார்களைத் தயாரித்த கிரைஸ்லரோ 1967 வரையிலான கார்களுக்கு மட்டுமே உற்பத்திப் பதிவு அட்டைகளின் நகலைத் தந்துவந்தது. 1970 மாடல் காருக்குக் கேட்டுப் பெறத் தொழிற்சாலைப் பதிவு எதுவும் இல்லை. ஆகவே என் காரின் தகட்டில் என்ன இருந்தது என்பதை அந்தக் காரிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதற்கு முன் நடந்த ஓர் இழப்பைச் சொல்ல வேண்டும். ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல் விளிம்பில், மாடல் ஆண்டின் இலக்கம், தொழிற்சாலை எழுத்து, வரிசை எண் என எட்டு இடங்கள் கொண்ட எண்ணைத் தொழிற்சாலையில் குத்தியிருப்பார்கள். என் காரில் அந்தச் சட்டம் துருப்பிடித்திருந்தது. வேலையை ஒப்படைத்த பாடி ஷாப்பில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை வெட்டி எடுத்துப் புதியதைப் பற்றவைத்து, பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். எண் குத்திய பகுதியை மட்டும் வெட்டி வைத்திருந்தால்கூடப் போதும். அன்று எனக்கு வந்த வருத்தம் இன்னும் குறையவில்லை. உரிமையாளர் சமாதானமாக, "எண் அச்சுகள் என்னிடமே இருக்கின்றன, புதிய சட்டத்தில் அதே எண்ணைக் குத்தித் தருகிறேன்" என்றார். நான் மறுத்துவிட்டேன். தொழிற்சாலை குத்தாத எண்ணைத் தொழிற்சாலை குத்தியதுபோலக் காட்டுவது பொய்யான சான்று. அது அழகுக்காகச் செய்யும் வேலை ஆகாது. காரை வாங்கிய நாளிலேயே அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படமும், டிக்கி விளிம்பில் ரப்பர் பீடிங்குக்கு அடியில் இன்னும் தெளிவாக இருக்கும் அதே எண்ணும் எனக்குப் போதும்.

இதுபற்றி அரசின் சட்டம் சொல்வதையும் படித்துக்கொண்டேன். வாகன அடையாள எண்ணை அறிந்தே அகற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்காவில் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றம். பழுதுபார்ப்புக்குத் தேவையான அளவில் அகற்றுவதற்கும், மாநிலச் சட்டத்தின்படி எண்ணை மீட்டுப் பொருத்துவதற்கும் அதில் விலக்கு உண்டு. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். கேன்சஸில் 1959 மாடல் கார்வெட் ஒன்றை மாநிலக் காவல்துறை 2017இல் பறிமுதல் செய்தது. மறுசீரமைப்பின்போது வின் தகட்டைக் கழற்றித் திரும்பப் பொருத்தியிருந்தார்கள் என்பதுதான் பிரச்சினை. வாங்கியவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. பழங்கால வாகனங்களுக்காக அங்கே சட்டத்தைத் திருத்துவதற்கு 2022 ஆகிவிட்டது. இதைப் படித்த பிறகு, டாஷ்போர்டுச் சட்டகத்துக்குப் பெயின்ட் அடித்தபோது வின் தகட்டைக் கழற்ற நான் அனுமதிக்கவில்லை. ஒட்டுத்தாளால் மூடிவிட்டுச் சுற்றிலும் அடித்தார்கள். வின் தகடே காணாமல் போயிருந்தால் என் வழி முற்றிலும் வேறாக இருந்திருக்கும்: இணையத்தில் தகடும் ரிவெட்டும் வாங்குவதை நினைத்தே பார்க்காமல், மாநில வாகனத் துறையையும் காவல்துறை ஆய்வையும் நாடியிருப்பேன். அங்கே புதிய எண் ஒதுக்கப்பட்டாலும் அதை ஏற்றுக்கொள்வதுதான் நேர்மையான வழி.

இனி, கார் சொன்ன சாட்சிகளுக்கு வருகிறேன். உற்பத்தி வரிசையில் பல நிலையங்களுக்கும் போன அச்சிட்ட ஆணைத்தாளை பிராட்காஸ்ட் ஷீட் என்பார்கள். தொழிலாளர்கள் அதை வேலை முடிந்ததும் பின்னிருக்கையின் ஸ்பிரிங்குகளுக்குள்ளும், கையுறைப் பெட்டியின் மேலும், கம்பளத்துக்கு அடியிலும் விட்டுவிடுவார்கள். என் காரில் கம்பளத்துக்கு அடியில் துருவும், கையுறைப் பெட்டியின் மேல் தூசியும்தான் இருந்தன. பின்னிருக்கையின் அடிப்பகுதியைக் கவிழ்த்துச் சாக்குத்துணியை மெல்ல விலக்கியபோது, ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே எலி கட்டிய கூடும், அந்தக் கூட்டோடு ஒட்டிப் பழுப்பேறிய ஒரு தாளும் தெரிந்தன. இழுத்தால் கிழிந்துவிடும் என்பதால் நான்கு ஸ்பிரிங்குகளை வெட்டித்தான் வெளியே எடுத்தேன். ஈரப்பதம் உள்ள மூடிய பெட்டியில் இரண்டு நாள் வைத்துத் தாள் தளர்ந்த பிறகு, மையொற்றுத் தாள்களுக்கு நடுவில் விரித்துக் கண்ணாடிப் பலகையை மேலே வைத்தேன். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது மங்கிய எழுத்துகளும் தெரிந்தன.

முதலில் வின் எண்ணைத்தான் ஒப்பிட்டேன். பக்கத்துக் காரின் தாள் இந்தக் காரில் வந்து சேர்வது அந்தக் காலத்தில் அரிதன்று; எண் பொருந்தாவிட்டால் அந்தத் தாளால் பயனில்லை. என் தாளில் ஓர் இலக்கமும் மாறாமல் பொருந்தியது. EV2 என்ற பெயின்ட் குறியீடு இருந்தது. அது பிளிமத் நிறுவனம் டோர்-ரெட் என்று அழைத்த ஆரஞ்சு கலந்த சிவப்பு. கார் என்னிடம் வந்தபோது நீலமாக இருந்தாலும், டிக்கி மூடியின் உட்புறத்தில் சுரண்டியபோது அதே சிவப்பு வெளிப்பட்டது. D21, அதாவது நான்கு வேக மேனுவல் கியர்பாக்ஸ், என்று இருந்தது. கியர்பாக்ஸ் உறையில் குத்தப்பட்ட எண் டிக்கி விளிம்பின் எண்ணோடு ஒத்துப்போனது. உற்பத்தித் தேதி B18. அதில் B என்பது நவம்பர். ஆகவே 1969 நவம்பர் 18.

தாளின் வலது கீழ்மூலையை எலி தின்றிருந்தது. N96 என்ற குறியீடு இருந்திருக்குமானால் அந்த இடத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அது ஏர் கிராபர் எனப்படும், பானெட்டின் நடுவே மேலெழும் காற்றுவாயைக் குறிப்பது. என் காரில் அந்தப் பானெட் இருக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே அதற்கான சுவிட்சும் இருக்கிறது. ஆனால் ஐம்பது ஆண்டுகளில் பானெட்டையும் சுவிட்சையும் யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். காரைப் பற்றி அறிந்த நண்பர்கள் இருவர், "பானெட்டே இருக்கும்போது குறியீட்டைச் சேர்த்தால் என்ன?" என்றார்கள். அந்த ஒரு குறியீடு காரின் விலையைக் கணிசமாக உயர்த்தும். அதனாலேயே அதைச் சேர்ப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. தாளில் என் கண்ணால் படித்ததும், காரின் உலோகத்தில் உறுதியானதும் மட்டுமே தகட்டில் வர வேண்டும் என்று முடிவு செய்தேன். N96 இல்லாமலே ஆர்டர் கொடுத்தேன்.

தகடு அச்சடித்துத் தரும் சிறு நிறுவனங்கள் சில உண்டு. நான் முதலில் அணுகிய இடத்தில் எந்த ஆவணமும் கேட்காமல், என்ன எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அங்கிருந்து உடனே விலகினேன். இரண்டாவது இடத்தில் டைட்டிலின் (கார் உரிமைச் சான்றிதழின்) நகல், டாஷ்போர்டுத் தகட்டின் படம், டிக்கி விளிம்பு எண்ணின் படம், பிராட்காஸ்ட் ஷீட்டின் படம் ஆகிய நான்கையும் கேட்டார்கள். அவர்கள் அனுப்பிய மாதிரியில் B18க்குப் பதில் B13 என்று வந்திருந்தது. தாளில் 8இன் இடப்பக்கம் மங்கியிருந்ததால் அது 3 போலத் தெரிந்திருக்கிறது. பெரிதாக்கிய படத்தை அனுப்பித் திருத்தினேன். மாதிரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடாமல் யாரும் ஒப்புதல் கொடுக்க வேண்டாம்.

ஓட்டுநர் கதவின் பின்விளிம்பில் இருக்க வேண்டிய, வின் எண் அச்சிட்ட ஸ்டிக்கரும் என் காரில் இல்லை. அதற்கும் மாற்று கிடைக்கிறது; நான் வாங்கவில்லை. சட்டம் கேட்கும் எண் டாஷ்போர்டில் அசலாகவே இருக்கும்போது, இன்னொரு நகலை ஒட்டுவதற்கான காரணம் எனக்குத் தெரியவில்லை.

2023 ஏப்ரலில் தகடு வந்தது. அதன் பின்புறத்தில் "மறுதயாரிப்பு, 2023" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பொறிக்கச் சொல்லியிருந்தேன், அப்படியே செய்திருந்தார்கள். பழைய துளைகளிலேயே இரண்டு திருகுகளைப் போட்டேன். பிராட்காஸ்ட் ஷீட் இப்போது பிளாஸ்டிக் உறையில், எண்களின் படங்களோடும் டைட்டில் நகலோடும் ஒரே கோப்பில் இருக்கிறது. குறுக்குச் சட்டம் மாற்றப்பட்ட தேதியையும், அதில் எண் ஏன் இல்லை என்பதையும், N96 ஏன் சேர்க்கப்படவில்லை என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு அதனுடன் வைத்திருக்கிறேன். காரை நான் விற்கும் நாளில் அந்தக் கோப்பும் காருடன் போகும்.