ஜெர்மனிக்கு எப்போ வரலாம்? காலண்டரைப் பாத்துட்டு லிஸ்ட் போடுங்க

ஊர்ல இருந்து யாராவது ஜெர்மனி வர்றோம்னு சொன்னா முதல்ல ஒரு ஊர் லிஸ்ட் அனுப்புவாங்க. மியூனிக், பெர்லின், மலை மேல இருக்கிற அந்த நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை, பிளாக் ஃபாரஸ்ட், கொலோன் சர்ச், முடிஞ்சா ரைன் ஆத்துல ஒரு போட். லிஸ்ட்ல ஒரு குறையும் இல்ல. நான் திருப்பிக் கேக்கறது தேதி என்னங்கறது மட்டும்தான். ஏன்னா இங்க எந்த ஊருக்குப் போறோங்கறதை விட என்னைக்கு எந்த ஊர்ல நிக்கறோங்கறதுதான் முக்கியம், தேதி சரியா அமைஞ்சா சின்ன ஊரே திருவிழாவா இருக்கும், அமையலன்னா பெரிய சிட்டியில ஹோட்டல் ரூம்ல உக்காந்து ஏர்போர்ட்ல வாங்கின சிப்ஸ் தின்னுட்டு இருக்கணும்.

இங்க லீவு நாள்னா நிஜமாவே லீவு. சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, மால், மருந்துக்கடை எல்லாம் சாத்திடும், மருந்துக்கு மட்டும் ஏரியாவுக்கு ஒண்ணு எமர்ஜென்சி டியூட்டில இருக்கும். ஞாயித்துக்கிழமையும் இதே கதைதான். ட்ரெயின் ஓடும், ரெஸ்டாரண்ட் நெறைய திறந்திருக்கும், மியூசியமும் பெரும்பாலும் இருக்கும், பேக்கரி காலையில கொஞ்ச நேரம் இருக்கும். அவ்ளோதான். ஈஸ்டர் சமயத்துல புனித வெள்ளி மூடல், சனி திறப்பு, ஞாயிறு மூடல், திங்கள் மூடல், அதனால அந்த ஒரே ஒரு சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்ல நாளைக்கு ஊரே காலியாகப் போற மாதிரி தள்ளுவண்டி நிரம்ப சாமான் வாங்கிட்டு நிப்பாங்க. புனித வெள்ளி அன்னைக்கு டான்ஸ் போடறதுக்கே சட்டப்படி தடை உண்டு, கிளப்ல பாட்டு நின்னுடும், நான் சும்மா சொல்லல.

இதுல பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம் என்னன்னா ஜெர்மனிக்குன்னு ஒரே ஒரு லீவு லிஸ்ட் கிடையாது. நாடு முழுக்க பொதுவா இருக்கறது 9 நாள்தான், மிச்சமெல்லாம் அந்தந்த மாநிலம் முடிவு பண்றது. 16 மாநிலம், 16 லிஸ்ட். பெர்லின்ல மார்ச் 8 மகளிர் தினம் 2019லேர்ந்து லீவு, அதுக்கு இங்க தெற்குல ஒண்ணும் இல்ல. சாக்சனியில நவம்பர்ல ஒரு புதன்கிழமை லீவு, நாட்டுல வேற எந்த மாநிலத்துக்கும் கிடையாது. பவேரியாதான் லீவுல பணக்கார மாநிலம், அதுலயும் ஆக்ஸ்புர்க்னு ஒரு ஊருக்கு மட்டும் ஆகஸ்ட் 8 தனி லீவு, அதைச் சேத்தா வருஷத்துக்கு 14. பக்கத்து ஊர்க்காரன் வேலைக்குப் போய்ட்டு இருப்பான், இவங்க பார்பிக்யூ போட்டுட்டு இருப்பாங்க.

நான் இருக்கறது உல்ம். டான்யூப் ஆத்துக்கு இந்தப் பக்கம் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், பாலம் தாண்டினா நியூ-உல்ம், அது பவேரியா. நடந்தே போயிடலாம். ஆகஸ்ட் 15 நமக்கு சுதந்திர தினம், நியூ-உல்முக்கு மாதா விண்ணேற்பு விழா, உல்முக்கு சாதாரண வேலை நாள். அந்த நாள் வார நடுவுல வந்தா அந்தப் பக்கத்து ஜனம் மொத்தமும் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் ஷாப்பிங் வந்துடும், பார்க்கிங் கிடைக்காது. மைன்ஸ் - வீஸ்பாடன் இதே கதைதான், நடுவுல ரைன். நவம்பர் 1 மைன்ஸ்ல எல்லாம் மூடியிருக்கும், எதிர்க்கரை வீஸ்பாடன்ல கடை திறந்து யாவாரம் நடக்கும்.

டூரிஸ்ட்டா வர்றவங்களுக்கு இதுலதான் சூட்சுமமே இருக்கு. ஒரு மாநிலத்துல லீவுன்னா அன்னைக்கு லீவு இல்லாத மாநிலத்துல இருக்கற மாதிரி டிரிப்பை மடக்கிப் போட்டுக்கலாம். எந்த டிராவல் ஏஜென்ட்டும் இதை யோசிக்கறதில்ல, அவங்க பேக்கேஜ்ல எல்லா நாளும் ஒரே நாள்தான்.

நம்ம ஆளுங்களுக்கு உண்மையான சிக்கல் மே மாசம். கோயம்புத்தூர்ல எங்க அக்கா டீச்சர், மாமாவுக்கும் பசங்களுக்கும் லீவு எல்லாம் ஒண்ணா அமையறது மே மாசத்துல மட்டும்தான், ஜூன்ல ஸ்கூல் திறந்துடும். ஜெர்மனியில பாத்தா மொத்த லீவும் அந்த மே மாசத்தைச் சுத்தியேதான் வந்து நிக்கும், எல்லாம் ஈஸ்டர் தேதியிலேர்ந்து எண்ணி வர்றதால ஈஸ்டர் சீக்கிரம் வந்தா மே நெரிசலாயிடும். 2027ல ஈஸ்டர் மார்ச் 28, அதனால ஏசு விண்ணேற்பு மே 6 வியாழன், ஃபிங்ஸ்டன் (பெந்தெகொஸ்தே) திங்கள் மே 17, ஃப்ரோன்லைஷ்னாம் (கத்தோலிக்கரோட நற்கருணைப் பெருவிழா) மே 27 வியாழன். மே 1 சனிக்கிழமை விழுந்து வீணாப் போச்சு, இங்க வார இறுதியில லீவு விழுந்தா அதுக்குப் பதிலா வேற நாள் எல்லாம் தர மாட்டாங்க, அழுதாலும் தர மாட்டாங்க.

வியாழன் லீவு வந்தா வெள்ளியையும் போட்டு நாலு நாள் ஆக்கிக்குவாங்க, அந்த வெள்ளிக்கு ப்ரூக்கன்டாக்னு பேர். ஆபீஸ்ல அந்த வெள்ளிக்கு லீவு யார் போடறதுன்னு ஜனவரியிலயே சண்டை ஆரம்பிச்சிடும். அந்த புதன் சாயந்தரம் ஆட்டோபான் மொத்தமும் நின்னுடும், ட்ரெயின்ல நிக்கக்கூட இடம் இருக்காது, போடன்சே ஏரிக்கரை, ஆல்ப்ஸ் பக்கம் எல்லாம் ரூம் விலை எகிறிடும். அதனால புதன் சாயந்தரமும் ஞாயிறு சாயந்தரமும் ஊர் விட்டு ஊர் போற வேலையே வச்சுக்காதீங்க. கார் எடுக்கறவங்களுக்கு ஒரு நல்ல விஷயம், ஞாயிறும் லீவு நாளும் ராத்திரி 10 மணி வரைக்கும் பெரிய லாரிங்க ரோட்டுல ஓடக்கூடாது, அதனால ஞாயிறு காலையில ரோடு அவ்ளோ நல்லா இருக்கும்.

ஏசு விண்ணேற்பு அன்னைக்கே இங்க அப்பாக்கள் தினமும். பெரிய பெரிய ஆளுங்க சின்னப் பசங்க இழுக்கற மாதிரி ஒரு மரவண்டியில பீர் பெட்டி ஏத்திக்கிட்டு பாட்டுப் பாடிட்டு காட்டுக்குள்ள நடந்து போவாங்க. முதல் தடவை பாக்கறவங்க பயந்துடுவாங்க, ஒண்ணும் பண்ண மாட்டாங்க, ரொம்ப சந்தோஷமா இருக்காங்க அவ்ளோதான்.

அக்காவுக்கு 2027க்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இதுதான். மே முதல் வாரத்தோட கூட்டம் வடிஞ்சதும் 10ந் தேதி வாக்குல வந்து இறங்கி, தெற்குல பாக்க வேண்டியதை எல்லாம், மியூனிக், நொய்ஷ்வான்ஸ்டைன், பிளாக் ஃபாரஸ்ட், ஃபிங்ஸ்டனுக்கு முன்னாடியே முடிச்சிடணும். ஏன்னா ஃபிங்ஸ்டனுக்கு அப்புறம் பவேரியாவுலயும் எங்க மாநிலத்துலயும் ஸ்கூலுக்கு ரெண்டு வாரம் லீவு, கோட்டை டிக்கெட் எல்லாம் கனவுதான். வடக்குல பல மாநிலத்துல அப்போ ஸ்கூல் நடந்துட்டு இருக்கும் இல்லன்னா சின்ன லீவா இருக்கும். அதனால ஃபிங்ஸ்டன் சனி ஞாயிறு திங்களுக்கு பெர்லின் இல்லன்னா லைப்ஸிக். கடை மூடினா என்ன, பெர்லின்ல அந்த வாரக் கடைசியிலதான் கார்னிவல் டேர் குல்ட்டூரன், 1996லேர்ந்து நடக்குது, உலகத்துல இருக்கிற எல்லா ஊர் மேளமும் தெருவுல இருக்கும். லைப்ஸிக்ல அதே சமயம் வேவ்-கோட்டிக்-ட்ரெஃபன்னு கோத் இசை ரசிகர்களோட விழா, தலையிலேர்ந்து கால் வரைக்கும் கருப்பு டிரெஸ், வெள்ளைக்காரப் பேய்க்கதையிலேர்ந்து எறங்கி வந்த மாதிரி ஆயிரக்கணக்கான பேர் ட்ராம்ல அமைதியா டிக்கெட் எடுத்துட்டு உக்காந்திருப்பாங்க. மாமா போட்டோ எடுத்தே மெமரி கார்டைத் தீத்துடுவாரு. 27ந் தேதி ஃப்ரோன்லைஷ்னாம் தெற்குலயும் மேற்குலயும் ஆறு மாநிலத்துக்கு லீவு, பெர்லினுக்கும் ட்ரெஸ்டனுக்கும் இல்ல, அதனால ஊருக்கு வாங்கிட்டுப் போற சாக்லேட் சோப்பு சமாச்சாரம் எல்லாம் அன்னைக்கு அங்க வாங்கிக்கலாம்.

மே மாசம் வந்தா சாப்பாட்டுல ஷ்பார்கல் சீசன். வெள்ளை அஸ்பாரகஸ், ரோட்டோரம் கொட்டகை போட்டு விப்பாங்க, ஜூன் 24 வரைக்கும்தான், அதோட அறுவடையை நிறுத்திடுவாங்க. இந்த ஊர்ல வெஜிடேரியன்களுக்கு மெனுவுல மரியாதை கிடைக்கற ஒரே சீசன். ஹாம் இல்லாம கொடுங்கன்னு சொல்லணும், மேல ஊத்தற சாஸ்ல முட்டை இருக்கும், அதையும் பாத்துக்கோங்க, உருக்கின வெண்ணெய் போதும்னா அப்படியே தருவாங்க.

இன்னொண்ணு, ஹம் ஊர்ல காமாட்சி அம்மன் கோயில் தேர். ஈழத்து மக்கள் கட்டின கோயில், 2002ல கும்பாபிஷேகம் ஆச்சு, தொழிற்பேட்டை நடுவுல கோபுரம் நிக்கும், பக்கத்துல பவர் பிளான்ட். திருவிழா பெரும்பாலும் ஜூன் பக்கம் வரும், தேதி வருஷா வருஷம் மாறும். காவடி, தூக்குக்காவடி, தேங்காய் மலை, ஐரோப்பா பூரா இருந்து வர்ற தமிழ்ச் சனம். வீட்டுல அம்மா அப்பா வர்றாங்கன்னா தேதியை அதோட ஒட்டி வைங்க, பெர்லின் சுவரை விட அவங்களுக்கு இதுதான் ஞாபகம் இருக்கும்.

ஜூலைல எங்க உல்முக்கு வாங்க, கடைசிக்கு முந்தின திங்கள்கிழமை. மேயர் பால்கனியில நின்னு ஊருக்கு சத்தியம் பண்ணுவாரு, பணக்காரன் ஏழைன்னு பாக்காம எல்லாருக்கும் பொதுவா இருப்பேன்னு, 1397ல எழுதின சாசனத்துலேர்ந்து வர்ற வழக்கம். மத்தியானத்துக்கு மேல ஊரே டான்யூப்ல குதிச்சிடும், ரப்பர் போட், கட்டுமரம், மிதக்கற குளியல் தொட்டி. லிஸ்ட்ல லீவு கிடையாது, ஆனா மத்தியானத்துக்கு மேல யாரும் வேலை பாக்கறதில்ல.

லீவு கணக்கு இல்லாம வர முடியும்னா நான் கை காட்டறது செப்டம்பர்தான். ஆல்காய் மலைப் பக்கம் செப்டம்பர் நடுவுல கோடை முழுக்க மேல மேஞ்ச மாடெல்லாம் கீழ இறங்கி வரும், கழுத்துல பெரிய பெரிய மணி, முன்னாடி வர்ற மாட்டுக்குத் தலையில பூவும் கண்ணாடியும் வச்ச கிரீடம், கிட்டத்தட்ட நம்ம மாட்டுப்பொங்கல்தான். அந்தக் கோடையில மந்தையில ஒரு மாடு செத்திருந்தா அந்த வருஷம் கிரீடம் கிடையாது, சும்மா மணியோட வரும். ஃபீஷைட்னு பேர், ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தேதி.

அக்டோபர்ஃபெஸ்ட் பத்திக் கேக்காம யாரும் விட மாட்டீங்க. பேர்தான் அக்டோபர், ஆரம்பிக்கறது செப்டம்பர் 15க்கு அப்புறம் வர்ற சனிக்கிழமை. உள்ள போக டிக்கெட் இல்ல, ஆனா மியூனிக்ல ரூம் விலையைப் பாத்தா நெஞ்சு வலிக்கும். ஆக்ஸ்புர்க்லயோ உல்ம்லயோ தங்கிட்டு செவ்வாய் புதன் மாதிரி ஒரு வார நாள்ல மத்தியானம் போய்ட்டு இருட்டறதுக்குள்ள திரும்பிடுங்க, சாயந்தரத்துக்கு மேல டென்ட்டுக்குள்ள பெஞ்சு மேல ஏறி ஆடற கூட்டத்துல குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறதுல அர்த்தமே இல்ல. என்னைக் கேட்டா ஷ்டுட்கார்ட் கான்ஷ்டட் திருவிழா போதும், அதே சமயம் நடக்கும், ராட்டினம் எல்லாம் உண்டு. 1816ல கோடையே வராம பஞ்சம் வந்து, அது ஓஞ்சதும் 1818ல விவசாயத்தை ஊக்குவிக்க ராஜா ஆரம்பிச்ச விழா, நடுவுல பழம் காய் கதிர் எல்லாம் வச்சு அலங்கரிச்ச ஒரு பெரிய தூண் இன்னும் நிக்குது. குடிக்கறதுக்கு மட்டுமான விழா இல்லன்னு அதைப் பாத்தா புரியும்.

பிப்ரவரி கொலோன் கார்னிவல் பிடிச்சவங்களுக்குப் பிடிக்கும், குளிர்ல நின்னு மிட்டாய் பொறுக்கறது எனக்கு செட் ஆகல.

கிறிஸ்துமஸ் மார்க்கெட்டுக்கு வர்றவங்க எல்லாரும் டிசம்பர் 20க்கு டிக்கெட் போடறாங்க, இதைத்தான் என்னால தாங்க முடியல. மார்க்கெட் ஆரம்பிக்கறது நவம்பர் கடைசியில, நியூரம்பர்க்ல முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுல முதல் ஞாயிறு) முந்தின வெள்ளி. முடியறது பெரும்பாலும் 23 இல்ல 24ந் தேதி. 24 மத்தியானம் 2 மணியோட கடை அடைப்பு, 25, 26 ரெண்டு நாள் முழு லீவு, அதுக்கு மேல ஞாயிறும் ஒட்டிக்கிட்டா முடிஞ்சது. 2026ல சரியா அப்படித்தான், 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. அந்த நாளெல்லாம் இங்க குடும்பத்தோட வீட்டுக்குள்ள இருக்கற நாள், சொந்தக்காரங்க வீடு இருந்தா வாங்க, ஹோட்டல்னா வேணாம். டிசம்பர் முதல் ரெண்டு வாரம்தான் சரி, அதுவும் திங்கள் முதல் வியாழன். 1434லேர்ந்து நடக்கற ட்ரெஸ்டன் மார்க்கெட்டை வார நாள்ல பாருங்க, சனிக்கிழமை போனா முதுகுதான் தெரியும். 4 மணிக்கே இருட்ட ஆரம்பிச்சிடும், அதனால கோட்டை மியூசியம் எல்லாம் காலையிலயே. ஒயின் கப்புக்கு டெபாசிட் வாங்குவாங்க, கப்பைத் திருப்பிக் கொடுத்தா காசு, வச்சுக்கிட்டா ஞாபகப் பொருள். உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் சாஸும் வெஜிடேரியன் ஆளுங்களைக் காப்பாத்தும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரியிலேர்ந்து மாசம் 63 யூரோ, லோக்கல் ட்ரெயின் பஸ் எல்லாத்துக்கும் செல்லும், ஐசிஈங்கற அதிவேக ட்ரெயின்ல ஏற முடியாது. அது தானா அடுத்த மாசத்துக்கும் புதுசாயிடும், 10ந் தேதிக்குள்ள கேன்சல் பண்ணிடுங்க. லீவு சமயத்து லோக்கல் ட்ரெயின்ல பெட்டியோட நிக்கறதுக்குப் பதிலா அந்த ஒரு நாள் மட்டும் ஐசிஈ எடுத்து சீட் ரிசர்வ் பண்ணிக்கோங்க, செகண்ட் கிளாஸ்ல சீட்டுக்குத் தனிக் காசு. விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், மே மாசத்துக்கு வர்றவங்க தயவுசெஞ்சு டிசம்பர்லயே பேப்பர் ரெடி பண்ணுங்க.

அப்புறம், கொஞ்சம் காசு கம்மின்னு சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கற ஃப்ளைட்டை எடுக்காதீங்க. மறுநாள் ஞாயிறு, ஒரு கடை இருக்காது, பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற சூப்பர் மார்க்கெட் மட்டும் திறந்திருக்கும், ஊர் மொத்தமும் அங்கதான் பாலுக்கு க்யூல நிக்கும்.