சிகாகோ வட்டமும் கண்ணகி நகரும்

நகரப் புவியியல் பாடம் என்றால் முதலில் வருவது சிகாகோதான். நகரம் எப்படி வளர்கிறது என்று காட்ட 1925-ல் சமூகவியலாளர் பர்கெஸ் போட்ட வட்டங்கள்: நடுவில் வணிக மையம், அதையொட்டி ஏழைகள், வெளியே போகப் போக வசதியானவர்கள். 1939-ல் ஹாய்ட், 1945-ல் ஹாரிஸ், உல்மன் போட்ட நகர மாதிரிகள் எல்லாம் அமெரிக்க நகரங்களைப் பார்த்துச் சொன்னவைதான். நம் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இந்தப் பருவத்தில் என் மாணவர்கள் கட்டுரைக்குப் பதிலாக விக்கிநூல்கள் என்ற, யாரும் எழுதித் திருத்தக்கூடிய இலவசப் பாடநூல் தளத்தில் சென்னையைப் பற்றி ஒரு பாடநூலே எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம், யார் எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கும், அதனால் சண்டையும் ஆதாரத்தோடு நடக்கிறது!

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணகி நகர் அத்தியாயம். 2000-லிருந்து கூவம் கரை போன்ற இடங்களில் வாழ்ந்த குடும்பங்களைக் கொண்டுபோய் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடியமர்த்தினார்களே, அது பர்கெஸ் வட்டத்துக்கு அப்படியே தலைகீழ், ஏழைகள் விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள். "வீடுகள் வழங்கப்பட்டன" என்று ஒரு மாணவர் முடித்திருந்த இடத்தில், அங்கேயே வளர்ந்த மாணவி ஒருவர், வீட்டுவேலைக்குப் போன பெண்கள் பஸ் தூரத்தாலேயே வேலையை விட்ட கதையைச் சேர்த்தார். நேர்காணல்களோடு. எந்த அச்சுப் பாடநூல் இதை அவரிடம் கேட்டிருக்கும்?

சரி, அடுத்தது பள்ளிக்கரணை. சதுப்பு நிலம், பெருங்குடி குப்பைமேடு, வேளச்சேரி பற்றிய பழைய படங்கள் நீங்களே எடுத்தவை இருந்தால், பிறரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரச் சம்மதமா? உள்பெட்டியில் சொல்லுங்கள்.