விழுந்தவருக்குக் கைதட்டிய ஞாயிறு

2025 அக்டோபர் 5ஆம் தேதி, இந்தோனேசியாவின் மண்டலிகாவில் நடந்த மோட்டோஜிபி (உலக மோட்டார் பைக் பந்தயத் தொடர்) பந்தயத்தின் முதல் சுற்றிலேயே ஸ்பானிய ஓட்டுநர் மார்க் மார்க்கெஸ் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டபோது, காரைக்குடியில் நாங்கள் கூடியிருந்த வீட்டின் பட்டாலையில், அதாவது பெரிய கூடத்தில், சிலர் கைதட்டினார்கள். கைதட்டியவர்கள் என் கட்சிக்காரர்கள். நானும் அவர்களைப் போல இத்தாலிய ஓட்டுநர் வாலன்டினோ ரோஸியின் 46ஆம் எண்ணையும் மஞ்சள் கொடியையும் பார்த்து இந்தப் பந்தயத்துக்குள் வந்தவன்தான். ஆனாலும் அந்தக் கைதட்டல் என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. அந்த வார இறுதியில் ரசிகர்களாகிய நாம் எதற்கெல்லாம் ஆரவாரம் செய்தோம், எதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் காணாமல் விட்டோம் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் கூடுவது நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டில். உறவினர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் குடியேறிவிட, வீட்டைப் பார்த்துக்கொள்ள அவர் மட்டும் இங்கே தங்கியிருக்கிறார். பட்டாலைச் சுவரில் திரை கட்டிவிட்டால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம். செக்காலை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் வருவார், கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், மலேசியாவில் பல காலம் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவரும் தவறாமல் வந்துவிடுவார். ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும். ஆசியப் பந்தயம் என்றால் காலையிலோ கறிக்குழம்பு கொதிக்கும் நேரத்திலோ வந்து நிற்கும்.

அதற்கு முந்தைய ஞாயிறு ஜப்பானின் மொட்டேகியில் மார்க்கெஸ் இரண்டாவதாக வந்து, மோட்டோஜிபி பிரிவில் தம் ஏழாவது உலகப் பட்டத்தை உறுதி செய்திருந்தார். 2019க்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத்தில் விழுந்து வலது மேற்கை எலும்பு முறிந்ததும், அவசரப்பட்டு அடுத்த வாரமே திரும்ப முயன்றதும், அந்தக் கைக்கு நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்ததும், இடையில் பார்வை இரட்டையாகத் தெரியும் கோளாறு வந்ததும், பல ஆண்டுகள் ஓட்டிய ஹோண்டாவை விட்டு 2024இல் கிரேசினி அணியின் டுகாட்டிக்கு இறங்கி வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் அழுததைப் பார்த்தபோது எங்கள் பட்டாலையில் மஞ்சள் கட்சிக்காரர்கள்கூட மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே அதே ஆட்கள் கைதட்டினார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடாத செய்தி.

மண்டலிகாவின் சனிக்கிழமை எங்களுக்கு நல்ல நாளாகவே இருந்தது. 2023 முதல் ஒவ்வொரு பந்தய வாரத்திலும் சனிக்கிழமைகளில் பாதித் தூரத்துக்கு ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயம் நடக்கிறது. வெற்றி பெற்றவருக்கு ஞாயிறு கிடைக்கும் 25 புள்ளிகளுக்குப் பதிலாக 12 புள்ளிகள். அன்று முதலிடத்திலிருந்து கிளம்பிய மார்கோ பெஸெக்கி தொடக்கத்திலேயே பின்தங்கி, பிறகு ஒவ்வொருவராகக் கடந்து வந்து, கடைசிச் சுற்றில் ஃபெர்மின் ஆல்டெகெரையும் முந்தி வென்றார். பெஸெக்கி ஓட்டுவது அப்ரிலியா பைக் என்றாலும் ரோஸியின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர். 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் நம் நாட்டின் முதல் மோட்டோஜிபி பந்தயம் நடந்தபோது, ரோஸியின் அணிக்காக ஓட்டி ஞாயிறு வென்றவரும் அவரே. அதனால் எங்கள் கூட்டத்தில் அவருக்கென்று தனிப் பாசம் உண்டு. அந்த ஸ்பிரிண்ட் முடிந்தபோது எழுந்த கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். அந்தக் கூச்சலில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

டுகாட்டி ஓட்டுநர் பெக்கோ பன்யாயாவைப் பற்றி எழுந்த விவாதத்தையும் சொல்ல வேண்டும். மொட்டேகியில் சனி, ஞாயிறு இரண்டையும் வென்றவர், ஞாயிறு அன்று பைக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தபோதும் விடாமல் ஓட்டி முதலாவதாக வந்தவர், ஆறே நாள் கழித்து மண்டலிகா ஸ்பிரிண்டில் கடைசியாக வந்தார். மனம் உடைந்துவிட்டது என்று பிள்ளைகள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மெக்கானிக் அண்ணன் அதை ஏற்கவில்லை. மண்டலிகாவின் தார் அளவுக்கு மீறிச் சூடாவதால், மிஷெலின் நிறுவனம் அங்கே உட்கட்டு கெட்டியான பின் டயரைக் கொண்டுவந்தது. அந்த டயரில் பின்பக்கப் பிடிப்பு மாறிவிடும்; முன்பக்கத்தை நம்பி வளைவுக்குள் கடைசி வரை பிரேக் பிடித்துக்கொண்டு நுழைகிற பன்யாயா போன்றவருக்கு அந்த மாற்றம் பெரிது. அந்த வாரம் மார்க்கெஸே தடுமாறி மூன்றாம் வரிசையில் இருந்துதான் கிளம்பினார் என்பதைச் சுட்டிக்காட்டிய அண்ணன், “வண்டி என்ன சொல்லுதுன்னு கேக்காம, ஓட்டுறவனக் குத்தம் சொல்லாதீங்கப்பா” என்றார். ஒருவர் தோற்கும்போது அவருடைய மனத்தைக் கூறுபோட்டுப் பார்க்கும் பழக்கம் நம் ரசிகர்களிடம் மிகுதியாகிவிட்டது என்றே நானும் நினைக்கிறேன்.

ஞாயிறு பந்தயத்தின் முதல் சுற்று. மீண்டும் முதலிடத்திலிருந்து கிளம்பி மீண்டும் பின்தங்கிய பெஸெக்கி, முந்தைய நாள் செய்ததைத் திரும்பச் செய்துவிடும் வேகத்தில் ஏழாம் வளைவை நெருங்கினார். முன்னால் போய்க்கொண்டிருந்த மார்க்கெஸின் பின்பக்கத்தில் மோதினார். இருவரும் சரளைக் கல்லில் உருண்டார்கள். மறுஒளிபரப்பு வந்தபோது எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தார்கள், மெக்கானிக் அண்ணன் மட்டும் எழுந்து வந்த மார்க்கெஸ் வலது தோளைப் பிடித்த விதத்தைப் பார்த்தார். “தோள் எலும்பு போச்சு” என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வலது தோளில் எலும்பு முறிவும் தசைநார்க் காயமும். மாட்ரிட்டில் அறுவை சிகிச்சை நடந்தது, அந்தப் பருவத்தின் மீதிப் பந்தயங்கள் எதிலும் அவர் ஓட்டவில்லை.

அந்த ஊர் மண் அவருக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னதை மறுக்க யாரிடமும் சான்று இல்லை. 2022இல் மண்டலிகாவில் காலைப் பயிற்சியின்போது காற்றில் வீசப்பட்டு விழுந்து பந்தயத்திலிருந்தே விலகினார், 2023இல் விழுந்தார், 2024இல் எஞ்சின் தீப்பிடித்தது. 2025 வரை அங்கே அவர் ஒரு ஞாயிறு பந்தயத்தைக்கூட முடித்ததில்லை.

கைதட்டியவர்கள் தரப்பில் சொல்லப்படும் காரணம் பத்தாண்டுப் பழையது. 2015 அக்டோபரில் மலேசியாவின் செப்பாங்கில் ரோஸியும் மார்க்கெஸும் மாறி மாறி முந்திக்கொண்டு வந்து, கடைசியில் இருவரும் நெருங்கிய இடத்தில் மார்க்கெஸ் விழுந்தார். அதற்காக ரோஸிக்கு விதிக்கப்பட்ட தண்டனையால் பருவத்தின் கடைசிப் பந்தயமான வலென்சியாவில் அவர் கடைசி இடத்திலிருந்து கிளம்பி நான்காவதாக வந்தும், பட்டம் 5 புள்ளிகளில் ஹோர்ஹே லோரென்ஸோவுக்குப் போனது. செப்பாங் பந்தயத்தை நேரில் பார்த்த மலேசியப் பெரியவர் எங்களோடு உட்கார்ந்திருந்தார். ரோஸிக்காகவே அன்று அங்கே போனவர், இன்றைக்கும் அந்தத் தண்டனை அநியாயம் என்று வாதாடுபவர். ஆனால் மண்டலிகாவில் மார்க்கெஸ் விழுந்தபோது அவர் கைதட்டவில்லை. தட்டியவர்களில் இரண்டு பேர் 2015இல் பள்ளிக்கூடத்தில் ஆரம்ப வகுப்புப் படித்திருப்பார்கள். நேரில் கண்டு மனம் நொந்தவரிடம் இல்லாத வன்மம், கைபேசியில் துண்டுக் காட்சி பார்த்து வளர்ந்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். பந்தயத்தைப் பார்ப்பதற்கு முன்பே யாரை வெறுக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அது ரோஸியைக் கொண்டாடுவதற்குக் கொடுக்க வேண்டிய விலையாக இருக்கக் கூடாது.

ஒரு ஓட்டுநர் தோற்பதில் மகிழ்வது போட்டியின் இயல்பு. மார்க்கெஸ் பின்தங்கினால் நானும் மகிழ்வேன், அவரை இன்னொருவர் முந்தினால் தொடையில் தட்டிக்கொள்வேன். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்பது சாதாரணமாகிப்போன இடத்தில், நான்கு முறை அறுத்துத் தைத்த அதே கை கீழே அகப்பட உருளும் மனிதரைப் பார்த்து மகிழ்வது முற்றிலும் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சிறியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் பக்கத்தில் இருக்கும் நாங்கள்தான்.

மறுபக்கமும் நன்றாக நடந்துகொள்ளவில்லை. பெஸெக்கி வேண்டுமென்றே மோதினார், ரோஸி சொல்லி அனுப்பினார் என்றெல்லாம் மார்க்கெஸ் ரசிகர்கள் வசைமாரி பொழிந்தார்கள். நெருக்கமான கூட்டத்தில் முன்னால் போகும் பைக்குகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், பின்னால் வருபவரின் வண்டிக்கு எதிர்க்காற்றின் தடை குறைந்து, பிரேக் பிடித்தாலும் நினைத்த இடத்தில் வேகம் தணியாது. முதல் சுற்றில் இத்தகைய மோதல்கள் அடிக்கடி நேர்வது இதனால்தான். பெஸெக்கி தவறு செய்தார், மன்னிப்பும் கேட்டார். அடிபட்ட மார்க்கெஸ் அதை ஏற்றுக்கொண்டார். அடிபட்டவரே ஏற்றுக்கொண்ட பிறகும் அவருடைய பெயரால் வசை தொடர்ந்தது.

இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவில் அந்தப் பந்தயத்தை வென்றவரைப் பற்றி எங்கள் பட்டாலையில் ஒரு சொல் எழவில்லை. ஃபெர்மின் ஆல்டெகெருக்கு 20 வயது, மோட்டோஜிபியில் முதல் ஆண்டு. முதல்நாள் கடைசிச் சுற்றில் வெற்றியைப் பறிகொடுத்தவர், ஞாயிறு அன்று பெட்ரோ அகோஸ்டாவைக் கடந்த பின் யாரையும் நெருங்கவிடவில்லை. 27 சுற்றுகளின் முடிவில் ஏறத்தாழ 7 வினாடி இடைவெளி. இந்தப் பிரிவில் அவரைவிட இளம் வயதில் வென்றவர் ஒரே ஒருவர்தான், 2013இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் வென்ற மார்க்கெஸ். ஆல்டெகெர் ஓட்டியதும் கிரேசினி அணிக்காகத்தான். 2021இல் கோவிட் தொற்றால் ஃபாஸ்டோ கிரேசினி இறந்தபின் அவருடைய மனைவி நாடியா பதோவானி தாங்கிப் பிடித்து நடத்திவரும் அணி அது. பந்தயத்தின் பிற்பகுதியில் ஆல்டெகெர் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, பின் டயரைச் சிறிதும் வழுக்கவிடாமல் அவர் வளைவிலிருந்து வெளியேறிய விதத்தை நானும் மெக்கானிக் அண்ணனும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் கைபேசியில் மோதலின் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெஸெக்கிக்கு ஆஸ்திரேலியப் பந்தயத்தில் இரண்டு லாங் லேப் தண்டனை விதிக்கப்பட்டது. வளைவின் வெளிப்புறத்தில் போட்டிருக்கும் நீண்ட பாதையை இரண்டு முறை சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் சில வினாடிகள் போகும். அந்தப் பந்தயம் நடந்த பிலிப் ஐலண்டில் அதை முடித்துவிட்டும் அவர் மூன்றாவதாக வந்தார், ராவுல் ஃபெர்னாண்டஸ் தம் முதல் வெற்றியைப் பெற்றார். காலை எட்டரை மணிப் பந்தயம் என்பதால் பட்டாலையில் கூட்டம் குறைவு. மூன்றாமிடம் வருமளவுக்கு ஒரு தண்டனை இருந்தால் அது தண்டனையே அல்ல என்று மெக்கானிக் அண்ணன் அன்று தொடங்கிய வாதத்தை மலேசியப் பெரியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வேகமுள்ளவனை நிறுத்துவதற்காகத் தண்டனை இல்லை, தவறைப் பதிவு செய்வதற்காகத்தான் என்பது அவருடைய கட்சி. நான் பெரியவர் பக்கம்.