பிடி கொடுக்கும் முன்கதை

வேடமிட்டு ஒரு பாத்திரமாகவே ஆடும் லார்ப் ஆட்டத்துக்காக, அந்தப் பாத்திரத்தின் கடந்த காலமாக நாம் எழுதும் முன்கதையை முழுமையாக வாசிப்பவர்கள், ஆட்டத்தை நடத்தும் குழுவில் உள்ள ஓரிருவர் மட்டுமே. களத்தில் இருக்கும் மற்ற அனைவரும் அதில் ஒரு வரியைக்கூட வாசித்திராமல், அதைச் சுமந்து வரும் மனிதரை நேருக்கு நேர் சந்திக்கப் போகிறவர்கள். ஆகவே அதை எழுத உட்காரும்போது, இந்தப் பாத்திரத்தின் கடந்த காலத்தில் பிறர் பற்றிக்கொள்ள எங்கே இடம் இருக்கிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். அடுத்த பருவ ஆட்டத்துக்காக அமரி என்ற ஓடக்காரியின் முன்கதையை அண்மையில் எழுதி முடித்திருக்கிறேன். இந்தப் பதிவில் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

லார்ப் என்பதைப் புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்காகச் சில வரிகள். காட்டிலோ கோட்டையிலோ திறந்த வெளியிலோ, பாத்திரத்தின் உடையை அணிந்து, அந்தப் பாத்திரமாகவே நடந்தும் பேசியும், லேடெக்ஸ் பூசிய நுரை வாளால் சண்டையிட்டும் ஆடுவது இது. அமெரிக்காவில் டாகோரிர் என்ற நுரை ஆயுதப் போர் ஆட்டம் 1977இல் தொடங்கியது. இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள பெக்ஃபர்ட்டன் கோட்டையில் 1982இல் தொடங்கிய டிரெஷர் டிராப், மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடிக்கொண்டிருந்த சாகசத்தை உண்மையான கல் சுவர்களுக்குள் கொண்டுவந்தது. ஜெர்மனியின் புரோக்கலோ கிராமத்தருகே 2004இல் தொடங்கிய கான்குவெஸ்ட் ஆஃப் மித்தோடியாவில் பல ஆயிரம் பேர் கூடாரமடித்துக் கூடுகிறார்கள். இத்தனை பெரிய கூட்டத்தில் ஒவ்வொருவரும் பத்துப் பக்கம் எழுதி அனுப்பினால் அதை எவராலும் வாசித்து நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. சிறிய ஆட்டமாக இருந்தாலும், நடத்துபவர்கள் தங்கள் வேலை நேரம் போக மீதமுள்ள இரவுகளில்தான் இவற்றையெல்லாம் வாசிக்கிறார்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது என்று நான் வைத்திருக்கும் வரம்புக்கு அவர்களுடைய அந்த இரவுகளே காரணம்.

அமரியின் பக்கம் இப்படித் தொடங்குகிறது: ‘இருளாற்றில் ஓடும் எட்டாள் படகு என்னுடையது. மேற்கரை வீழ்ந்த இரவில் பத்துப் பேர் துறையில் நின்றார்கள். எட்டுப் பேரை ஏற்றினேன். நின்றுவிட்ட இருவரில் ஒருவன் தன் மோதிரத்தைக் கழற்றி, தன் தாயிடம் சேர்த்துவிடச் சொன்னான். அவன் பெயரை நான் கேட்கவில்லை. விடிவதற்குள் திரும்பி வருகிறேன் என்று சொன்னேன். திரும்பிப் போகவில்லை.’

இந்தச் சில வரிகளில் அமரியின் பிறப்பு, பெற்றோர், இளமை, ஓடம் செலுத்தக் கற்றுக்கொண்ட விதம் எதுவும் இல்லை. அவற்றை நான் யோசித்து வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் சொல்லவும் முடியும். ஆனால் களத்தில் எனக்கு எதிரே நிற்கும் ஒருவருக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. மோதிரத்தால் பயன் உண்டு. அதை என் கழுத்தில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பேன், பிறர் கண்ணில் படும். பெயர் தெரியாத அந்த மனிதன் உயிரோடு இருக்கலாம், எதிரிப் படையில் சேர்ந்திருக்கலாம், அல்லது எனக்கு அறிமுகமே இல்லாத ஓர் ஆட்டக்காரர் தன் முன்கதையில் தொலைத்துவிட்ட அண்ணனாகவும் இருக்கலாம். பெயரை நானே எழுதியிருந்தால் இந்த வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டிருக்கும். மோதிரத்துக்கு உரியவன் யார், அவன் தாய் எந்த ஊரில் இருக்கிறாள், துறையில் நின்ற இன்னொருவர் என்ன ஆனார் என்ற கேள்விகளை வெற்றிடமாகவே விட்டு, இவற்றை உங்கள் விருப்பம்போல் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று நடத்துபவர்களுக்கு வெளிப்படையாக எழுதிவிட்டேன். தாமே நிரப்பக்கூடிய இடம் ஒன்று கண்ணில் பட்டால் அவர்களும் ஆர்வத்தோடு அதில் வேலை செய்கிறார்கள்.

முடிந்துபோன கதையை முன்கதையாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. தந்தையைக் கொன்றவனைத் தேடிப் பிடித்துப் பழிதீர்த்தாயிற்று, காணாமல் போன வாளை மீட்டாயிற்று, நாடு திரும்பி மன்னரிடம் பட்டமும் பெற்றாயிற்று என்று எழுதினால், ஆட்டம் தொடங்கும் நாளில் அந்தப் பாத்திரத்துக்குச் செய்ய என்ன மிஞ்சியிருக்கும்? வாழ்வின் பெரிய நிகழ்ச்சி ஆட்டத்துக்கு முன்பே நடந்துவிட்டால், களத்தில் நடப்பதெல்லாம் அதன் பின்குறிப்பாகச் சுருங்கிவிடும். தவிர, புதிதாகச் சேரும் பாத்திரத்துக்கு விதிப்புத்தகம் தரும் திறன்கள் பெரும்பாலும் மிகச் சிலவே. தாளில் நூறு போர் கண்ட தளபதி களத்தில் முதல் மோதலிலேயே சாய்ந்தால், சுற்றி நிற்பவர்கள் நல்லெண்ணத்தோடு அதைக் காணாததுபோல் இருந்துவிடுவார்கள். ஆனால் அதன் பிறகு அவர் சொல்லும் போர்க்கதைகளை நம்புவதற்கு அவர்கள் ஒவ்வொரு முறையும் பாடுபட வேண்டியிருக்கும்.

இங்கேதான் மேசை ஆட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முழுமையாகத் தெரிகிறது. மேசையில் என் பாத்திரம் பாடினாள் என்று சொன்னால் போதும், எவ்வளவு நன்றாகப் பாடினாள் என்பதைப் பகடை சொல்லிவிடும். களத்தில் நான் வாயைத் திறந்து பாட வேண்டும். எனக்குப் பாட வராது, ஆனால் முடிச்சுப் போட நன்றாக வரும். ஆகவே அமரி ஓடப்பாட்டுப் பாடுபவள் அல்லள். கையில் எப்போதும் ஒரு துண்டுக் கயிறு வைத்திருந்து, பேசும்போதெல்லாம் அதை முடிந்தும் அவிழ்த்தும் கொண்டிருப்பவள். விதிகள் சில திறன்களை நடிப்பாகச் செய்துகாட்ட இடம் தருகின்றன என்பது உண்மைதான். மந்திரம் போடுபவருக்கு மந்திரம் தெரிந்திருக்கத் தேவையில்லை. என்றாலும் நாள் முழுவதும், களைத்த பிறகும், பசித்த பிறகும் பாத்திரத்தைத் தாங்கப்போவது என் உடம்புதான் என்பதால், அதற்கு என்ன முடியும் என்பதை முன்கதை எழுதும்போதே கேட்டுக்கொள்கிறேன்.

முன்கதை உடம்பில் இறங்கும் விதத்துக்கு அமரியிடமிருந்தே இன்னொன்றைக் காட்டுகிறேன். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றினால் படகு கவிழும் என்பதால் அவள் வாழ்நாள் முழுவதும் தலை எண்ணிப் பழகியவள். எந்தக் கூடாரத்துக்குள் நுழைந்தாலும் வாசலில் ஒரு கணம் நின்று, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு, உள்ளே இருப்பவர்களை எண்ணிய பிறகே காலெடுத்து வைப்பாள். எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் வாசலருகிலேயே உட்கார்ந்துகொள்வாள். இதை எவரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் மாலைக்குள் யாராவது ஒருவர், “என்ன எண்ணிக்கொண்டே இருக்கிறாய்?” என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வி எழும் இடத்தில்தான் முன்கதை ஆட்டத்துக்குள் நுழைகிறது. நானாகப் போய் என் சோகத்தைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர் மரியாதைக்காகத் தலையாட்டுவார். அவராகவே கேட்டால், கிடைக்கும் பதில் அவர் தேடிக் கண்டுபிடித்ததாகிவிடும். ஆகையால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் இப்படி ஒரு பழக்கத்தையாவது முன்கதையிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுமாறு புதிதாக எழுதுபவர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன்.

அந்தக் கேள்விக்கு அமரி என்ன சொல்வாள் என்பதையும் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். நடத்துபவர்களுக்கு அனுப்பும் தாளில் உண்மை இருக்கிறது: படகில் ஏறிய எட்டுப் பேரில் ஒருவரான வணிகர் பொன் கொடுத்து, திரும்பிப் போகவேண்டாம் என்றார், அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அவள் வாயால் சொல்லும் கதையில் அன்றிரவு ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. இந்த இரண்டாவது வடிவத்தைத் தாளில் வைத்திருந்தால் போதாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். எழுத்தில் அழகாக இருக்கும் வாக்கியங்கள் பல வாயில் வரும்போது மனப்பாடச் செய்யுள் போல ஒலிக்கின்றன. ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கும் அளவுக்கு அதை வெட்டிவிட்டேன், ஏனென்றால் அதற்குள் யாராவது குறுக்கே பேசுவார்கள், அல்லது எல்லைக் காவலில் சங்கு ஊதிவிடும்.

இரகசியம் வைப்பது எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம், பெரும்பாலும் அந்தப் பாத்திரம் இறக்கும்போது அதோடு புதைந்துவிடுகிறது. பொன் கொடுத்த வணிகராக என் தோழி ஒருவர் இதே ஆட்டத்துக்கு வருகிறார். அவருடைய முன்கதையிலும் அந்த இரவு இருக்கிறது, அவருடைய காரணங்களோடு. எங்களில் யார் முதலில் வாய்தவறினாலும் மற்றவர் மாட்டிக்கொள்வார் என்ற அச்சம், தனியாகச் சுமக்கும் எந்த இரகசியத்தையும்விட எங்களை ஆட்டத்துக்குள் இறுக்கி வைக்கும். இத்தகைய உறவை எழுதும்போது மற்றவருடைய ஒப்புதலை முன்கூட்டியே பெறவேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ‘உன் பாத்திரம் என்னைக் காட்டிக்கொடுத்தது’ என்று ஒருவர் தன்னிச்சையாக எழுதி அனுப்பினால், மற்றவரின் பாத்திரத்தை அவரிடமிருந்து பறித்துக்கொண்டதாகவே ஆகும்.

பெற்றோரும் ஊரும் சுற்றமும் முழுவதும் அழிந்துபோன தனியன்கள் இந்த ஆட்டங்களுக்கு ஏராளமாக வருகிறார்கள். அந்த வேட்கை எனக்குப் புரிகிறது: பொறுப்பில்லாத, எங்கும் போகக்கூடிய ஒருவராக இருப்பதில் சுகம் இருக்கிறது. ஆயினும் உயிரோடிருக்கும் தங்கை ஒருத்தி கடிதம் எழுதலாம், கடன் கேட்கலாம், எதிரியிடம் பிணையாகச் சிக்கலாம், வேண்டாத இடத்தில் திருமணம் செய்துகொள்ளலாம். இறந்துபோன தங்கையால் முடிவது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. நினைவு தவறிய பாத்திரங்களைப் பற்றியும் எனக்கு இதே கருத்துதான். அவற்றின் கடந்த காலத்தை எழுதும் வேலை முழுவதும், ஏற்கெனவே தூக்கமில்லாமல் இருக்கும் நடத்துபவர்களின் தலையில் விழுகிறது.

எழுதும் முன் அந்த ஆட்ட உலகின் குறிப்பேட்டை வாசித்தாக வேண்டும். இல்லாத அரசையும் இல்லாத கடவுளையும் புதிதாகப் புகுத்தினால் அவை எவரோடும் ஒட்டாமல் தனியே நிற்கும். பெயர் சுருக்கமாக இருக்கட்டும். சண்டைக்கு நடுவே ஐம்பது அடி தொலைவிலிருந்து கத்திக் கூப்பிட முடியாத பெயரை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மிகுந்த கவனத்தோடு இருக்கிறேன். பாத்திரத்தின் உணர்ச்சி ஆடுபவருக்குள்ளும், ஆடுபவரின் உணர்ச்சி பாத்திரத்துக்குள்ளும் கசிவதை நார்டிக் (நார்வே, சுவீடன் போன்ற வட ஐரோப்பிய நாடுகளின்) லார்ப் வட்டாரங்களில் பிளீட் என்று சொல்கிறார்கள். நார்வேயின் ஓஸ்லோவில் 1997இல் முதன்முதலாகக் கூடிய க்னூட்டபுங்க்ட் மாநாடு, வெவ்வேறு நாடுகளில் ஆடுபவர்கள் இத்தகைய அனுபவங்களை ஆண்டுதோறும் கூடிப் பேசி எழுதும் வழக்கத்தை வளர்த்தது. அந்த மரபிலிருந்து வந்த ‘கட்’, ‘பிரேக்’ என்ற இரண்டு சொற்கள் இன்று பல ஆட்டங்களில் பயன்படுகின்றன. முதல் சொல் ஆட்டத்தை உடனே நிறுத்தும், இரண்டாவது அதன் கடுமையைக் குறைக்கும். முன்கதையில் நாம் எழுதுவது எதுவாயினும், அதை மற்றவர்கள் நம்மீதே பயன்படுத்துவார்கள், அதற்காகத்தான் எழுதுகிறோம். ஆகவே சொந்த வாழ்வில் இன்னும் ஆறாத இழப்பை அதில் வைப்பதற்கு முன், களைத்திருக்கும் ஓர் இரவில் அறிமுகமில்லாத ஒருவர் அதைத் தொட்டுப் பேசினால் தாங்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தாங்க முடியாதவற்றை, முன்கதைத் தாளின் அடியில் ‘இவற்றை எடுக்க வேண்டாம்’ என்று காரணம் சொல்லாமல் எழுதிவிடலாம். காரணம் கேட்பது நல்ல நடத்துபவர்களின் வழக்கமல்ல.

முதல் ஆட்டம் முடிந்த பிறகு இந்தப் பக்கத்தை நான் திருத்தப்போவதில்லை. களத்தில் நடந்தவை வேறொரு தாளில் போகும், ஏனெனில் அவற்றுக்குச் சாட்சிகள் இருக்கிறார்கள், என் வசதிக்காக மாற்றி எழுத முடியாது. அந்த வாரத்துக்குள் நடத்துபவர்களுக்கு எழுதும் கடிதத்தில், மோதிரத்தை யார் பார்த்தார்கள், வெள்ளம் வந்த கதையை அமரி யாரிடம் சொன்னாள், அதை யார் நம்பவில்லை என்ற மூன்றை மட்டும் தெரிவித்தால், அடுத்த ஆட்டத்துக்கான வேலையை அவர்கள் அங்கிருந்தே தொடங்கிக்கொள்வார்கள்.