கவரிங் என்றால் வேறு, போலி என்றால் வேறு

வங்கியில் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்திருப்பவன் ‘போலி’ என்ற சொல்லை லேசில் வாயில் எடுக்கமாட்டான். எதிரே நிற்பவருக்கு அது ‘நீ திருடன்’ என்றுதான் கேட்கும். அதனால் நான் “கவரிங் மாதிரி தெரியுதுங்க” என்றுதான் ஆரம்பிப்பேன்.

கவரிங் மரியாதையான சொல். செம்பிலோ பித்தளையிலோ செய்து மேலே தங்க முலாம் பூசியது. சிதம்பரத்துக்கு நடராஜர் ஒரு பேர் என்றால் கவரிங் இன்னொரு பேர். கல்யாண வீட்டில் “தங்கமாடி?” என்று கேட்டால், “இல்லக்கா, கவரிங்” என்று கூச்சமில்லாமல் பதில் வரும். அதே சங்கிலி தங்கம் என்ற பேரில் என் மேசைக்கு வந்தால்தான் போலி நகை.

கையில் வாங்கியதுமே பாதி தெரிந்துவிடும். ஒரே பருமனில் செம்பு, 22 கேரட் தங்கத்தின் எடையில் ஏறக்குறைய பாதிதான் வரும். அப்புறம் கொக்கியையும் வளையம் உரசும் இடத்தையும் பார்ப்பேன். முலாம் அங்கேதான் முதலில் தேய்ந்து செம்பு சிவப்பாக எட்டிப்பார்க்கும். உரைகல்லில் ஒரே இழுப்போடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். மேல்பூச்சு மட்டும் கல்லில் ஒட்டி, அசல் தங்கம்போல் மஞ்சளாகத் தெரியும். அதே இடத்தை நன்றாகத் தேய்த்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டால் செம்பு கரைந்து கோடு காணாமல் போகும். 916 முத்திரையை மட்டும் நம்பி யாரும் கடன் கொடுப்பதில்லை. முத்திரை குத்த ஓர் அச்சு போதுமே. அதனால்தான் 2023 ஏப்ரல் முதல், கடையில் விற்கும் ஹால்மார்க் நகைக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி கட்டாயம் என்றார்கள்.

நம் ஆட்கள் பொருளுக்குப் பொருள் சொல்லை மாற்றுவார்கள். நோட்டு என்றால் கள்ள நோட்டு, டாக்டர் என்றால் போலி டாக்டர், நெய் என்றால் கலப்படம். பந்தா காட்டிக்கொண்டு திரிகிறவன் டுபாக்கூர். டூப்ளிகேட் சாவியை மட்டும் யாரும் குறை சொல்வதில்லை, பூட்டு திறந்தால் சரி. இலக்கணத்தில் போலிக்குக்கூட கெட்ட பேர் கிடையாது: பந்தலைப் பந்தர் என்றாலும், சாம்பலைச் சாம்பர் என்றாலும் பொருள் மாறாது, அதுதான் போலி. அந்தச் சாது வார்த்தை எங்கள் தொழிலுக்கு வந்துதான் போலீஸ் வரைக்கும் போகிறது.

நகையைக் கொண்டுவருபவருக்கே விஷயம் தெரியாமல் இருப்பதும் உண்டு. மாமியார் போட்டது, யாரோ கடனுக்கு ஈடாகக் கொடுத்தது என்று எடுத்து வருவார்கள். கல்லில் கோடு கரைவதை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அப்போது நான் கவரிங் என்றால் நகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். போலி என்று எழுதிவிட்டால் மேலாளர் அறைக்குப் போய் உட்காரவேண்டும்.